மலை ஏற மனசு இருக்கு... உட்காரத்தான் இடம் இல்லை!

மலைக்குக் கிளம்புகிறோம் என்றால் நம் வீடுகளில் என்னென்ன தயாராகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் தயார். விடியற்காலையில் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி, வாழை இலையில் மடித்து வைத்தாயிற்று. பிளாஸ்கில் காபி, பாட்டிலில் தண்ணீர், குழந்தைக்கு மாற்று உடுப்பு, தைலம், பிளாஸ்திரி, டார்ச் லைட்... ஒன்று விடாமல் வந்துவிடும். ஆனால், ஏறிக் களைத்து, வேர்த்து விறுவிறுத்து நிற்கும்போது எதில் உட்காரப் போகிறோம் என்று யாராவது யோசித்ததுண்டா?

இளவட்டங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கண்ட பாறையில் ஏறி உட்கார்ந்து விடுவார்கள். ஐம்பதைத் தொட்டுவிட்ட நமக்கும், கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்க்கும் அது முடிகிற காரியமா? பாறை உயரமாக இருந்தால் ஏற முடியாது. தாழ்வாக இருந்தால் எழ முடியாது. தப்பித் தவறிச் சரியான உயரத்தில் ஒன்று கிடைத்தால், அதன் மேல் எறும்புக் கூட்டம் மாநாடு போட்டுக்கொண்டிருக்கும்!

இதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு குரல் கேட்கிறது. "நீங்கள்லாம் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்." ஏன் என்று கேட்டால் "வயசாச்சு" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேளுங்கள், நிஜமான காரணம் வெளியே வரும்.

"நடந்துடுவேம்மா. கீழே உட்கார்ந்தாத்தான் எழுந்திருக்க முடியாது. நாலு பேர் பார்க்கக் கையைப் பிடிச்சுத் தூக்கணும். அந்த வெட்கக்கேடு எனக்கு வேண்டாம்."

இது என் மாமியார் சொன்னது. தினம் கோவிலுக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை கிலோமீட்டர் நடப்பவர். நடக்கிற கால் இருக்கிறது, மனசும் இருக்கிறது. தடுப்பது ஓர் ஆசனம் இல்லாத குறை மட்டும்தான். அந்தக் குறையைத் தீர்க்க இப்போது கைப்பையில் அடங்குகிற நாற்காலியும் முக்காலியும் வந்துவிட்டன. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். கடையில் "இதுதாங்க இருக்கறதிலேயே லேசு" என்று ஒன்றை நீட்டுவார்கள். லேசாக இருந்தால் மட்டும் போதுமா? எதில் சுகமாக உட்காரலாம் என்பது அப்புறம். எதிலிருந்து பிறர் கை படாமல் எழுந்திருக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் தராசு

பகல் பொழுதுக்குள் ஏறி இறங்குகிற பயணத்துக்கு, தோளில் சுமக்கும் மூட்டை நம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது மலையேறுகிறவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. நீங்கள் 55 கிலோ என்றால் மூட்டை ஐந்தரைக் கிலோ.

இனி நம் மாதாந்தர பட்ஜெட் மாதிரி செலவு எழுதுங்கள். தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ. சாப்பாடு முக்கால் கிலோ. பையின் சொந்த எடை முக்கால் கிலோ. மழைக்கோட்டு, ஸ்வெட்டர், மருந்து, டார்ச், துண்டு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ. ஆக நாலே முக்கால். கையில் மிச்சம் முக்கால் கிலோ! அந்த முக்கால் கிலோவுக்குள்தான் ஆசனம் அடங்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், மடங்கவும் மடங்காது. அதை மறந்துவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரும் சாப்பாடும் போகப் போகக் குறையும். ஆசனம் மட்டும் கடைசி வரை அதே எடையோடு தோளில் தொங்கும். இறங்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். அப்போது அரைக் கிலோ கூடினாலும் தெரியும்.

கடையில் சீட்டில் எழுதியிருக்கும் எடையை அப்படியே நம்பாதீர்கள். சில சமயம் உறையைச் சேர்க்காமல் எழுதியிருப்பார்கள். உறை, பட்டை எல்லாவற்றோடும் தராசில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது இஞ்ச் டேப்

உட்காரும் இடம் தாழ்வாக இருக்க இருக்க, எழும்போது முழங்காலிலும் இடுப்பிலும் விழும் பாரம் கூடுகிறது. உயரம் கூடினால் அந்தப் பாரம் குறைகிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு டாக்டர்கள் உயரமான நாற்காலி சொல்வது இதனால்தான். ஆகவே வாங்குவதற்கு முன்னால் 'என் உயரம் எது?' என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். காசு செலவு கிடையாது.

முதலில் மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்குங்கள். ஓய்வாக இருக்கும் காலும் களைத்த காலும் ஒன்றல்ல, அல்லவா? பிறகு சுவர் ஓரமாக, ஆடாமல் நிற்கிற ஒரு தாழ்ந்த ஸ்டூலையோ மரப் பெட்டியையோ போட்டு உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். முடிகிறதா? இன்னும் தாழ்வான ஒன்றில் உட்காருங்கள். முடியவில்லையா? மேலே ஒரு தடிப் புத்தகத்தை வைத்து உயர்த்துங்கள். கையை ஊன்றாமல், முகம் சுளிக்காமல் எழ முடிந்த கடைசி உயரத்தை டேப்பால் அளந்து, கரடுமுரடான தரைக்காக அதோடு 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவு. ஜாக்கெட் அளவு போல ஆளுக்கு ஆள் மாறும்.

எங்கள் வீட்டில் எனக்கு 12 அங்குலம் வந்தது. மகளுக்கு மணையே போதும். மாமியாருக்கு 17. இந்த மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கடைக்குப் போனோம்.

கடையில் என்னென்ன கிடைக்கிறது?

*நுரைத் திண்டு:* இருப்பதிலேயே லேசு இதுதான். மடித்தால் ஒரு நோட்டுப் புத்தகம் அளவு. வெளிநாட்டுத் தயாரிப்புகளில் 60 கிராம் எடையில்கூட இருக்கிறது. நுரைக்குள் அடைபட்ட காற்றுக் குமிழிகள் இருப்பதால் ஈரம் ஊறாது, குளிர்ந்த பாறை உடம்புச் சூட்டை உறிஞ்சாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதன் அருமை தெரியும். ஆனால் உயரம் அரை அங்குலம்தான். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்.

*காற்றுத் திண்டு:* ஊதினால் உப்பும், பிடுங்கினால் கைக்குட்டை மாதிரி சுருங்கும். மெத்தென்று இருக்கும். நம் மலைகளில் முள்ளுக்குப் பஞ்சமா? ஒரு இலந்தை முள் போதும், கதை முடிந்தது. ரயில் பிரயாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*காலில்லாச் சாய்மானம்:* இரண்டு மெத்தைப் பலகைகளை எல் போல நிறுத்தி, இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்டியது. நம் எடையே முதுகைத் தாங்கும். 1987-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிரேஸி கிரீக் என்ற நிறுவனம் இதைச் செய்து விற்க ஆரம்பித்தது. இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன. எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. தரையோடு தரையாக உட்கார வேண்டும் என்பது குறை. முதுகுக்குத் தாங்கல் கிடைப்பது நிறை.

*தொட்டில் நாற்காலி:* அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மேலே துணியை மாட்டுகிற வகை. குழாய்களுக்குள் எலாஸ்டிக் கயிறு ஓடுவதால், உதறினால் தானாகச் சேர்ந்துகொள்ளும். பார்க்கவே அழகு! தென் கொரியாவின் ஹெலினாக்ஸ் நிறுவனம் செய்யும் மிக லேசான நாற்காலி சுமார் அரைக் கிலோதான். 120 கிலோ வரை தாங்கும் என்கிறார்கள். உட்காரும் உயரம் சுமார் 11 அங்குலம். இந்த வகையில் கொஞ்சம் உயரமானவை ஒரு கிலோவை நெருங்கும்.

*மூன்று கால் ஸ்டூல்:* குடைக்கம்பி மாதிரி நீண்டு சுருங்கும் மூன்று கால்கள், மேலே முக்கோணத் துணி. சுவீடன் நாட்டு வாக்ஸ்டூல் இதில் பெயர் பெற்றது. 18 அங்குல உயரமுள்ளது முக்கால் கிலோ சுமார். மற்ற கம்பெனிகளிலும் இதே மாதிரி கிடைக்கிறது. சாய்மானம் கிடையாது.

*அடுக்கு ஸ்டூல்:* பிளாஸ்டிக் வளையங்களை இழுத்தால் டிரம் மாதிரி உயரும், அமுக்கினால் தட்டு மாதிரி ஆகிவிடும். எடை ஒரு கிலோ சுமார். அடிப்பாகம் அகலம் என்பதால் மண்ணில் புதையாது. ஆனால் வளையங்களுக்கு நடுவே மணல் புகுந்தால் மக்கர் பண்ணும். ரயில் நிலையம், கோவில் வரிசை, கார் போகிற இடம், இவற்றுக்கு நல்லது.

*இரும்பு மடக்கு ஸ்டூல்:* நம்மூர்ச் சந்தையில் எக்ஸ் மாதிரி கால் வைத்து, கான்வாஸ் கட்டியது. விலை மலிவு. கான்வாஸ் கிழிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கனம் அதிகம். வேறு யாராவது தூக்குவதாக இருந்தால் யோசிக்கலாம்!

அழகு நாற்காலியும் அக்காவின் அவஸ்தையும்

தொட்டில் நாற்காலியைப் பற்றி ஒரு சேதி சொல்லியாக வேண்டும். ஏலகிரியில் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலைக்கு ஏறினோம். என் ஓரகத்தி, எனக்கு மூத்தவர், புதிதாக ஒரு தொட்டில் நாற்காலி வாங்கி வந்திருந்தார். உச்சியில் அதை விரித்து, "அப்பாடா!" என்று சாய்ந்தார். எல்லோருக்கும் பொறாமைதான்.

கிளம்பும் நேரம் வந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. "வாங்கக்கா" என்றேன். "இரு, காத்து நல்லா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக என் காதில், "ஏம்மா, கொஞ்சம் கை குடேன். உள்ளே போயிட்டேன், வெளியே வர முடியலே" என்றார்! நானும் மகளும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். அக்கா வந்தார், நாற்காலியும் கூடவே வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாயிற்று.

நாற்காலி மேல் தப்பில்லை. சீட்டில் 13 அங்குலம் என்று போட்டிருந்தது நிஜம். ஆனால் துணி என்பது பலகை இல்லையே? உட்கார்ந்ததும் தொய்கிறது. இடுப்பு முழங்காலை விடக் கீழே போய்விடுகிறது. முதுகும் பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையிலிருந்து முன்னால் வந்து எழுவதற்குத் தொடையில் நல்ல பலம் வேண்டும். மூட்டு வலி இல்லாதவர்களுக்கு இது சொர்க்கம். இருப்பவர்களுக்குப் பள்ளம்! ஆகவே துணி ஆசனம் எதுவானாலும், நீங்கள் உட்கார்ந்த பிறகு துணிக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கூட வந்தவரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுதான் கணக்கு.

மூன்று கால் ஆடாது

நாலு கால் இருந்தால் நாற்காலி, மூன்று கால் இருந்தால் முக்காலி. நம் மொழியில் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வீட்டில் தரை மட்டமாக இருந்தும் நாலு கால் மேஜை ஒரு பக்கம் ஆடுகிறது. நாம் காகிதத்தை மடித்து முட்டுக் கொடுக்கிறோம். முக்காலி மட்டும் ஆடுவதில்லையே, ஏன்? மூன்று புள்ளிகள் எப்படி இருந்தாலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும். மேடு பள்ளமான மலைத் தரையிலும் மூன்று கால்களும் தரையைத் தொட்டே நிற்கும். நாலாவது கால் வந்தால்தான் வம்பு.

இந்த வம்புக்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கண்டார்கள் தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், ராணுவப் பொறியாளர்களின் ஊரான ரூர்க்கியின் பெயரால் ஒரு கூடார நாற்காலி வந்தது. ஆணி, பசை எதுவும் கிடையாது. நாலு மரக் கால்களையும் குறுக்குச் சட்டங்களில் செருகி, கான்வாஸையும் தோல் பட்டையையும் இழுத்துக் கட்டிவிடுவார்கள். மூட்டுகள் இறுக்கமாக இல்லாததால், ஒவ்வொரு காலும் தரைக்குத் தக்கபடி தானே அசைந்து உட்காரும். கழற்றிச் சுருட்டினால் ஒரு கட்டு விறகு மாதிரி. இதைப் பார்த்துத்தான் டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933-ல் தன் 'சஃபாரி' நாற்காலியை வடிவமைத்தார். இன்றைய தொட்டில் நாற்காலிக்கும் ரூர்க்கியை ஒரு பாட்டி முறை என்று சொன்னால் தப்பில்லை.

என் மாமியாரின் 17 அங்குலத்துக்குப் பொருந்தியது முக்காலிதான். நீட்டிய காலோடு 18 அங்குலம், துணி தொய்ந்த பிறகு 17. கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் பரப்புள்ள பழைய சோலைக்காடு. மரங்களின் நிழலில் ஏற்றம் அதிகமில்லாத நடை. அங்கேதான் முதல் பயணம். அத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் முக்காலியை விரித்தார், ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார், கைத்தடியை ஊன்றி எழுந்தார். யாரும் கை கொடுக்கவில்லை. "இது என்னம்மா, என் வீட்டுத் திண்ணையை நானே தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு, "நான் வீட்டைப் பார்த்துக்கறேன்" என்ற வசனம் எங்கள் வீட்டில் ஒலிக்கவே இல்லை.

முக்காலியில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஓரத்தில் உட்காரக் கூடாது. பக்கவாட்டில் சாய்ந்து எதையும் எட்டி எடுக்கக் கூடாது. சரிந்துவிடும். மூன்று கால்களும் கடைசி வரை விரிந்து, பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகே உட்கார வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கு

பால் கொடுக்கும் தாய்க்குத் தேவை வேறு. பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ அசையாமல் உட்கார வேண்டும். முதுகுக்குத் தாங்கல் இல்லாவிட்டால் குனிந்து குனிந்து கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்கு முக்காலி வேண்டாம். காலில்லாச் சாய்மானமோ தொட்டில் நாற்காலியோதான் சரி. மடியில் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்துக் குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டு வந்தால் குனிய வேண்டியதே இல்லை. எழும்போது முதலில் குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு எழுங்கள்.

இன்னொன்று, குழந்தையைச் சுமக்கிறவர் ஆசனத்தையும் சுமக்கக் கூடாது. இதை வீட்டுக்காரரிடம் கிளம்பும் முன்பே தீர்மானமாகச் சொல்லிவிடுங்கள்! கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் மலை ஏற வேண்டாம்.

பெரிய குழந்தைகள் நாற்காலியைக் கண்டால் குதிக்கும். 'இத்தனை கிலோ தாங்கும்' என்று எழுதியிருப்பது பதவிசாக உட்காரும் எடைக்கு. தொப்பென்று விழுந்தால் அதே எடை பல மடங்காக இறங்கும். அதனால் உங்கள் எடையை விட 30 கிலோவாவது கூடுதலாகத் தாங்குவதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டிலேயே தைக்கலாம் ஒரு திண்டு

முழங்கால் நன்றாக இருப்பவர்கள் காசு செலவழித்துத் திண்டு வாங்குவானேன்? கனமில்லாத நுரை யோகா விரிப்பு பழசாகி மூலையில் கிடந்தால் எடுங்கள். 16 அங்குலத்துக்கு 13 அங்குலம் அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். கிழிந்த மழைக்கோட்டிலிருந்தோ குடைத் துணியிலிருந்தோ உறை வெட்டி, மூன்று பக்கம் மிஷினில் அடித்து, நாலாவது பக்கம் பட்டன் வையுங்கள். நடுவில் ஒரு தையல் ஓட்டினால் இரண்டாக மடியும். ஓரத்தில் நாடா ஒன்று வைத்தால் பையின் வெளியே தொங்கவிடலாம். எடை 150 கிராம் சுமார்தான் வரும். உறையைக் கழற்றித் துவைக்கலாம். குழந்தைக்கு உடுப்பு மாற்றும்போது அடியில் போடவும் ஆகும்.

எங்கே போடுவது?

நல்ல ஆசனம் வாங்கினால் போதாது, போடும் இடமும் நல்லதாக இருக்க வேண்டும். பாறையோ மரத்தடியோ, முதலில் கைத்தடியால் தட்டிப் பாருங்கள். பாறை இடுக்கில் தேளோ பாம்போ இருக்கலாம், கையை விட்டுத் துழாவக் கூடாது. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் சருகு மண்டிய இடமெல்லாம் அட்டை. வெட்ட வெளியான பாறைத் தரையே மேல். பாதையின் நடுவில் போட்டு மற்றவர்களை மறிக்க வேண்டாம். மண் இளகியிருந்தால் மெல்லிய கால்கள் புதையும். பழைய டென்னிஸ் பந்தைக் கீறி ஒவ்வொரு காலிலும் மாட்டினால் புதையாது. தொட்டில் நாற்காலியும் முக்காலியும் நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. ஒரு நெருப்புப் பொறி பட்டாலும் ஓட்டைதான்.

புல்லிலும் புதர் ஓரத்திலும் வெறுமனே உட்காரக் கூடாது என்பதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. அதுதான் உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சுகள் புல்லிலும் புதரிலும் இருக்கும். கடித்தால் வலிக்காது. ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் தலைவலியும் வரும். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டாற்போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், மார்புக்கு அடியில், இடுப்பு, தொடை இடுக்கு என்று நாம் பார்க்காத இடங்களில்தான் அது ஒளிந்திருக்கும். தமிழ்நாட்டில் மழைக்குப் பின் வரும் குளிர் மாதங்களில் இது அதிகம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும்.

ஆகவே முழுக் காலை மூடும் உடை, நீளமான சாக்ஸ், தரையிலிருந்து உயர்ந்த ஆசனம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளியல், போட்டிருந்த துணிகளை உடனே வெந்நீரில் துவைத்தல். மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், "நாங்க மலைக்குப் போயிருந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்கப் பாதி வேலையை முடித்துவிடும்.

உட்காரவும் ஒரு முறை, எழவும் ஒரு முறை

மூச்சு வாங்க ஏறி வந்த வேகத்தில் பொத்தென்று உட்காராதீர்கள். சிலருக்குத் தலை சுற்றும். இரண்டு நிமிஷம் மெதுவாக நடந்து, மூச்சு அடங்கிய பின் உட்காருங்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்தால் தசை இறுகிவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து காலை உதறிக்கொள்ளுங்கள்.

எழும்போது முதலில் ஆசனத்தின் முன் ஓரத்துக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துத் தரையில் பதியுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியுங்கள். இப்போது கைத்தடியை ஊன்றி மேலே வாருங்கள். பாதி வேலை குனிவதிலேயே முடிந்துவிடும். இதை வீட்டு சோபாவில் தினம் பத்து தடவை செய்தால் தொடைத் தசைக்கு அதுவே நல்ல பயிற்சி. மூட்டு வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

திரும்பி வந்த பின்

ஈரத்தோடு உறையில் திணித்துப் பரணில் போட்டால் பூசணம் பிடித்து நாறும். துணியைக் கழற்றிச் சாதா நீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். கடும் வெயிலில் நைலான் நாளடைவில் நைந்து போகும். குழாய் மூட்டுகளில் இருக்கும் மணலைத் துடைத்துவிடுங்கள். குழாய்க்குள் ஓடும் எலாஸ்டிக் தளர்ந்திருக்கிறதா, கால் முனையின் ரப்பர் தொப்பி இருக்கிறதா, துணி மூலைத் தையல் பிரிகிறதா என்று பாருங்கள். பாரமெல்லாம் விழுவது அந்த மூலைகளில்தான். இரட்டைத் தையல் போட்டு வைத்தால் வருஷக் கணக்கில் உழைக்கும்.

எங்கே போகலாம்?

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 40 மலைப் பாதைகள், சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். புதியவர்கள் சுலபமான பாதையிலிருந்து தொடங்குங்கள். காட்டுத் தீ அபாயமுள்ள கோடையில் பாதைகளை மூடுவதுண்டு, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக, கடைக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொள்ள மூன்றே விஷயம். உங்கள் அளவு 6 அங்குலத்துக்குள் வந்தால் திண்டோ காலில்லாச் சாய்மானமோ எடுங்கள். 12 வரை என்றால் தொட்டில் நாற்காலியைப் பாருங்கள், தொய்வை மறக்காமல் அளந்து. அதற்கு மேல் என்றால் முக்காலி, கூடவே ஒரு கைத்தடி. எதுவானாலும் கடையிலேயே ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, நீங்களே மடித்து உறையில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். மலை மேல் வந்து நம்மைத் தூக்கிவிடப் போவது அவரா என்ன?

வருகிற ஞாயிற்றுக்கிழமை தையல் பெட்டியிலிருந்து அந்த இஞ்ச் டேப்பை எடுங்கள். உங்கள் அளவை மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல், "நான் வரலை" என்று வழக்கமாகச் சொல்லும் அம்மாவையோ அத்தையையோ கூப்பிட்டு அவர்கள் அளவையும் எடுங்கள். அவர்களுக்குத் தேவை அந்த ஒரு எண்தான்.